கைச்சாத்திட்டோரும் காவல் நின்றோரும்

இலங்கை இனப்பிணக்கில் பிறநாட்டு இராசதந்திரம்: ஒரு வரலாற்று நோக்கு

உடன்படிக்கைகளை எழுதுவோர் சிலர். அவற்றின் விளைவுகளை அனுபவிப்போர் பலர். ஈழத்தமிழரின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகும் எவரும், கைச்சாத்திடப்பட்ட ஒப்பந்தங்களின் பட்டியலையும் அவை முறிந்த நாட்களின் பட்டியலையும் அருகருகே வைத்தே எழுதவேண்டியவராவர். பியர்பொன்ட்ஸிலும் மொன்றியலின் ஏனைய பகுதிகளிலும் வாழும் எம்மவர் குடும்பங்களிற் பல, தாம் வீடு வாசலை விட்டுப் புறப்பட்ட ஆண்டை இந்த இரண்டாவது பட்டியலிலேயே கண்டுகொள்ளும். 1987, 1990, 1995, 2006 என்னும் நான்கு ஆண்டுகளிலும் போர் மூண்டது, அதற்கு முன் ஏதோவொரு பேச்சுவார்த்தையோ உடன்பாடோ முறிந்திருந்த வேளையிலேயாகும்.

இந்நாட்டிற் பிறந்து வளர்ந்த எம் பிள்ளைகள், "உலகம் ஏன் இதைத் தடுக்கவில்லை?" என்று வினவுகின்றனர். நியாயமான வினா. ஆயினும், உலகம் முயலவேயில்லை என்று அவர்களுக்கு விடையிறுப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. இந்தியா முயன்றது, பூட்டான் இடமளித்தது, நோர்வே பல ஆண்டுகள் உழைத்தது, கனடாவின் பெயரும் இவ்வரலாற்றில் ஆங்காங்கே வருகின்றது. இத்தனை முயற்சிகளும் ஏன் பலிக்கவில்லை என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. அதற்கு விடை காண ஒவ்வோர் உடன்படிக்கையிலும் இரண்டு இடங்களை உற்று நோக்குதல் வேண்டும். யார் கைச்சாத்திட்டனர் என்பது ஒன்று. கைச்சாத்திட்ட பின் அதற்குக் காவல் நின்றவர் யார் என்பது மற்றொன்று.

ஒரு மேசையில் நான்கு நாடுகள்

முதலில் 1956ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அவ்வாண்டு யூலை 26ஆம் நாள் எகிப்திய அதிபர் நாசர் சுயெஸ் கால்வாயைத் தேசியமயமாக்கினார். ஒக்டோபர் இறுதியில் இஸ்ரேலும், அதனைத் தொடர்ந்து பிரித்தானியாவும் பிரான்சும் எகிப்தின்மீது படையெடுத்தன. அப்போது கனடாவின் வெளிவிவகார அமைச்சராயிருந்த லெஸ்ரர் பியர்சன், சண்டையிடும் தரப்பினருக்கிடையே ஐக்கிய நாடுகளின் படையொன்றை நிறுத்தும் யோசனையை முன்வைத்தார. நவம்பர் 4ஆம் நாள் ஐ.நா. பொதுச்சபை அதனை 57 வாக்குகளால் ஏற்றுக்கொண்டது. எதிர்த்து ஒரு வாக்கேனும் அளிக்கப்படவில்லை. 19 நாடுகள் நடுநிலை வகித்தன. அப்படைக்குத் தலைமை தாங்கியவர் மொன்றியல் தீவின் வெஸ்ற்மவுண்டிற் பிறந்த ஈ.எல்.எம். பேர்ன்ஸ் என்னும் கனேடியத் தளபதி. பியர்சனுக்கு 1957இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இப்படையின் பணிகளைக் குறித்து ஐ.நா. செயலாளர் நாயகத்துக்கு ஆலோசனை கூற ஏழு நாடுகளைக் கொண்ட குழுவொன்று அமைக்கப்பட்டது. கனடா, இந்தியா, நோர்வே, இலங்கை என்பன அக்குழுவில் இடம்பெற்றன. பின்னாளில் எமது வரலாற்றோடு பிணையப்போகும் நான்கு நாடுகள் ஒரே மேசையில் அமர்ந்து, பிறிதொரு நாட்டில் அமைதி காப்பது எவ்வாறு என்று ஆராய்ந்தன. அதே 1956ஆம் ஆண்டு யூன் மாதத்திலேயே இலங்கையின் பிரதிநிதிகள் சபை தனிச்சிங்களச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. காலிமுகத்திடலில் அறவழியில் அமர்ந்த தமிழ்த் தலைவர்கள் தாக்கப்பட்டனர். ஆயினும் அது 'உள்நாட்டு விவகாரம்' ஆகையால் எந்தச் சபையிலும் எடுத்துக்கொள்ளப்படவில்லை. அரசுகளுக்கிடையிலான சண்டையைத் தீர்க்கவே அன்றைய உலக ஒழுங்கு அமைந்திருந்தது. ஓர் அரசு தன் மக்களுள் ஒரு பகுதியினரோடு கொள்ளும் பிணக்குக்கு அங்கே இருக்கை இல்லை.

சுயெஸ் படைக்கும் ஒரு வரம்பு இருந்தது. அது எகிப்தின் சம்மதத்தோடு மட்டுமே அங்கு தங்கியிருந்தது. 1967 மே மாதத்தில் எகிப்து வெளியேறுமாறு கேட்டதும் படை வெளியேறியது. யூன் 5ஆம் நாள் போர் மூண்டது. காவலரை அனுப்பிவைக்கும் உரிமை காக்கப்படுபவர் கையிலேயே இருந்தால் அக்காவல் எத்தகையது என்பதை அந்த மே மாதம் காட்டிற்று.

சாட்சியில்லாத ஒப்பந்தங்கள்

இனி எமது மண்ணுக்குத் திரும்புவோம். 1957 யூலை 26ஆம் நாள் பிரதமர் எஸ்.டபிள்யு.ஆர்.டி. பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். பிரதேச சபைகள், வடக்குக் கிழக்கில் தமிழில் நிர்வாகம், குடியேற்றங்களில் பிரதேச சபைகளுக்கு அதிகாரம் என்பன அதன் சாரம். கைச்சாத்திட வேண்டியவர்களே கைச்சாத்திட்டிருந்தனர். எனினும் அதற்குக் காவல் எவருமில்லை. எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் ஜே.ஆர். ஜயவர்த்தனா அவ்வாண்டு ஒக்டோபரில் கண்டிக்கு எதிர்ப்பு நடைப்பயணம் தொடங்கினார். 1958 ஏப்ரல் 9ஆம் நாள் பிக்குமார் கொழும்பு ரொஸ்மீட் பிளேசிலுள்ள பிரதமர் இல்லத்தை முற்றுகையிட்டனர். ஒப்பந்தம் கைவிடப்பட்டதாகப் பிரதமர் எழுத்து மூலம் அன்றே உறுதியளித்தார். அடுத்த மாதம் தீவெங்கும் தமிழருக்கெதிரான வன்செயல்கள் வெடித்தன.

1965 மார்ச் 24ஆம் நாள் டட்லி சேனநாயக்காவும் செல்வநாயகமும் மீண்டும் ஓர் உடன்பாடு கண்டனர். இம்முறை மாவட்ட சபைகள் வாக்களிக்கப்பட்டன. 1968இல் அதுவும் கைவிடப்பட்டது. முன்னர் எதிர்த்த கட்சி இப்போது வாக்களித்தது; முன்னர் வாக்களித்த கட்சி இப்போது எதிர்த்தது. ஒரு பெருங்கட்சி தரும் வாக்குறுதியை மற்றைய பெருங்கட்சி முறிக்கும் இந்த வழக்கம் அக்காலத்திலேயே வேரூன்றிவிட்டது. முறித்தவரைக் கேள்வி கேட்க வெளியிலிருந்து ஒரு சாட்சியும் இருக்கவில்லை.

கேளாமலே பங்கிடப்பட்ட மக்கள்

இவ்விரண்டு ஒப்பந்தங்களுக்கும் இடையே, 1964 ஒக்டோபர் 30ஆம் நாள், வேறு வகையான உடன்படிக்கை ஒன்று டில்லியிற் கைச்சாத்தாயிற்று. இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பமிட்ட அந்த ஆவணம், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழரைப் பற்றியது. அவர்களின் தொகை 9,75,000 எனக் கணக்கிடப்பட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர், 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் கண்ட உடன்பாட்டின்படி, ஆளுக்குப் பாதியாகப் பகிரப்பட்டனர்.

இராசதந்திர நோக்கில் இது வெற்றியென்றே அன்று பேசப்பட்டது. அயல்நாடுகள் இரண்டு தமக்கிடையிலான நீண்டநாட் பிணக்கைப் போரின்றித் தீர்த்துக்கொண்டன. ஆயினும், கணக்கில் எண்ணப்பட்ட மக்களின் பிரதிநிதி எவரும் அதிற் கைச்சாத்திடவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள், தாம் கண்டிராத நாட்டுக்குக் கப்பலேறினர். தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலான கப்பற் சேவை 1984இல் நின்றுபோக, அப்பயணமும் இடைநடுவில் நின்றது. இலங்கையில் எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலைக்குச் சட்டத்தின் மூலம் முடிவு காண 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. இரு அரசுகளின் பிணக்குத் தீர்வதும் மக்களின் துயர் தீர்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

திம்புவும் அதன் பின்னும்

1983 யூலைக் கலவரத்தின் பின்னரே இலங்கைப் பிணக்கு அனைத்துலக விவகாரமாயிற்று. அம்மாத இறுதியிலேயே இந்திரா காந்தி தமது வெளிவிவகார அமைச்சர் நரசிம்மராவைக் கொழும்புக்கு அனுப்பினார். பின்னர் ஜி. பார்த்தசாரதி சிறப்புத் தூதுவராகச் சென்று வந்தார். அவரது முயற்சியால் உருவான யோசனைகள் 1984ஆம் ஆண்டுச் சர்வகட்சி மாநாட்டிற் கரைந்து போயின.

இந்திராவின் மறைவுக்குப் பின், ரஜீவ் காந்தியின் ஆட்சியில், பூட்டானின் தலைநகர் திம்புவில் 1985 யூலையிலும் ஓகஸ்டிலும் இரு கட்டங்களாகப் பேச்சுக்கள் நடந்தன. ஒரு புறம் ஜனாதிபதியின் சகோதரர் எச்.டபிள்யு. ஜயவர்த்தனா தலைமையிலான அரச குழு. மறுபுறம் தமிழர் விடுதலைக் கூட்டணியும் ஐந்து போராளி இயக்கங்களும். தமக்குள் முரண்பட்டிருந்த ஆறு தமிழ் அமைப்புகளும் யூலை 13ஆம் நாள் ஒரே குரலில் நான்கு கோட்பாடுகளை முன்வைத்தன. தமிழர் ஒரு தனித் தேசிய இனம். அவர்க்குரிய தாயகம் உண்டு. தன்னாட்சி உரிமை உண்டு. இலங்கையைத் தாயகமாகக் கொள்ளும் தமிழர் அனைவர்க்கும் குடியுரிமையும் அடிப்படை உரிமைகளும் வேண்டும். இந்நான்காவது கோட்பாடு, 1964இல் கேட்கப்படாத மலையக மக்களின் குரலுக்கு இருபத்தோராண்டு கழித்துக் கிடைத்த இடமாகும்.

அரசு முதல் மூன்றையும் நிராகரித்தது. போர்நிறுத்தம் பெயரளவில் இருக்க, வவுனியாவிற் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 17ஆம் நாள் தமிழ்த் தரப்பினர் வெளியேறினர். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் நாள், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அந்நாட்டு மீனவர்கள் மீட்டனர். அவர்கள் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்த கதையை எம் சமூகத்தில் அறியாதார் இலர். திம்புவில் மூடப்பட்ட கதவுக்கும் அப்படகுகளுக்கும் இடையே ஓராண்டு இடைவெளிதான் இருந்தது.

காவலரே போர்த் தரப்பானமை

1987ஆம் ஆண்டு மே மாத இறுதியில் இலங்கைப் படை வடமராட்சியில் பெரும் தாக்குதலைத் தொடங்கியது. யூன் 3ஆம் நாள் நிவாரணப் பொருட்களோடு வந்த இந்தியப் படகுகள் திருப்பி அனுப்பப்பட்டன. மறுநாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. யூலை 29ஆம் நாள் கொழும்பில் ரஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்த்தனாவும் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர்.

அவ்வுடன்படிக்கையில் நன்மை ஏதுமில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. இலங்கை பல்லின, பன்மொழிச் சமுதாயம் என்பதும், வடக்கும் கிழக்கும் தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழ்விடங்கள் என்பதும் இலங்கையின் அரச தலைவர் ஒருவர் ஒப்பமிட்ட ஆவணத்தில் இடம்பெற்றன. இரு மாகாணங்களும் தற்காலிகமாக இணைக்கப்பட்டன. மாகாண சபைகளுக்கு வழிவகுத்த 13ஆவது திருத்தம் அவ்வாண்டு நவம்பரில் நிறைவேறியது. தீர்மானங்களின் நிறைவேற்றத்துக்கு இந்தியா உத்தரவாதம் அளிக்கும் என்றும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. 1957இல் இல்லாதிருந்த காவல் இப்போது கிடைத்தது.

ஆனால், ஆயுதம் ஏந்தியிருந்த தமிழ்த் தரப்பின் கைச்சாத்து அதில் இல்லை. ஆயுதங்களை 72 மணி நேரத்துக்குள் ஒப்படைக்கவேண்டியவர்கள் உடன்படிக்கையின் தரப்பினர் அல்லர். விடுதலைப் புலிகளின் தலைவர் டில்லிக்கு அழைத்துச் செல்லப்பட்டு விபரம் தெரிவிக்கப்பட்டார், அவ்வளவே. ஓகஸ்ட் 4ஆம் நாள் சுதுமலையில் அவர் ஆற்றிய உரை, அவ்வுடன்படிக்கை தம்மேல் சுமத்தப்பட்டதென்பதை மக்களுக்கு அறிவித்தது. அன்றியும், உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்கள் இந்தியாவின் பாதுகாப்பு நலன்களைப் பற்றியவை. திருகோணமலைத் துறைமுகம் இந்தியாவுக்குப் பாதகமாக எந்நாட்டுக்கும் வழங்கப்படலாகாது என்பதும், அங்குள்ள எண்ணெய்க் குதங்கள் கூட்டு முயற்சியாகச் செயற்படும் என்பதும் அவற்றுள் அடங்கும். காவலாளி தன் சொந்தக் காரியத்தையும் அதே மேசையில் முடித்துக்கொண்டார்.

விளைவை எம்மவர் அறிவர். செப்டெம்பர் 26ஆம் நாள் திலீபன் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். ஒக்டோபர் 10ஆம் நாள் இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் தொடங்கியது. அம்மாதம் 21ஆம் நாள் யாழ். போதனா வைத்தியசாலைக்குள் வைத்தியர்களும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டனர். அமைதி காக்க வந்த படை 1990 மார்ச் 24ஆம் நாள் வெளியேறியபோது அது ஏறக்குறைய 1,200 வீரர்களை இழந்திருந்தது. தமிழ் மக்கள் இழந்தது அதனினும் பன்மடங்கு. 1991 மே 21ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் ரஜீவ் காந்தி கொல்லப்பட்டதோடு, தமிழகத்திலிருந்த ஏதிலிகளின் வாழ்வும் மேலும் இருண்டது. வடக்குக் கிழக்கு இணைப்பை 2006 ஒக்டோபரில் இலங்கை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. உத்தரவாதம் அளித்த நாட்டால் அதைத் தடுக்க இயலவில்லை.

நோர்வே வந்த காலம்

1995 ஜனவரி 8ஆம் நாள் சந்திரிகா அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே மோதல் தவிர்ப்பு உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. அதனைக் கண்காணிக்கும் குழுக்களுக்குத் தலைமை தாங்க நோர்வே, நெதர்லாந்து, கனடா ஆகிய நாடுகளிலிருந்து அலுவலர்கள் வந்தனர். கனடாவிலிருந்து வந்தவர், சைப்பிரசில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கிய அனுபவமுள்ள தளபதி கிளைவ் மில்னர். அக்குழுக்கள் முறையாக இயங்கத் தொடங்குமுன்னரே, ஏப்ரல் 19ஆம் நாள் திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக் கலங்கள் தகர்க்கப்பட்டன. போர் மீண்டது. ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையினூடே இடம்பெயர்ந்தனர்.

2002 பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையுடன் நடைமுறைக்கு வந்த போர்நிறுத்த உடன்படிக்கை, முந்தியவற்றின் குறைகள் சிலவற்றைத் தீர்த்தது. இம்முறை பிரதமர் ரணில் விக்கிரமசிங்காவும் வேலுப்பிள்ளை பிரபாகரனும் வெவ்வேறிடங்களில் இருந்தவாறே ஒரே ஆவணத்திற் கைச்சாத்திட்டனர். நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் கண்காணிப்பாளர் வந்திறங்கினர். நோர்வேக்கு இலங்கையிற் துறைமுகமும் வேண்டியதில்லை, படைத்தளமும் வேண்டியதில்லை. தாய்லாந்து, ஒஸ்லோ, பேர்லின், ஜப்பான் என ஆறு சுற்றுப் பேச்சுக்கள் நடந்தன. 2002 டிசம்பரில் ஒஸ்லோவில், ஒன்றுபட்ட இலங்கைக்குள் கூட்டாட்சி அமைப்பில், உள்ளக தன்னாட்சி உரிமையின் அடிப்படையில் தீர்வொன்றை ஆராய இரு தரப்பும் உடன்பட்டன. 2003 யூனில் தோக்கியோ மாநாட்டில் உதவி நாடுகள் 450 கோடி டொலர் வாக்களித்தன.

இருந்தும் அது நிலைக்கவில்லை. காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும். முதலாவது, கண்காணிப்புக் குழு மீறல்களைப் பதிவு செய்யலாமேயன்றித் தடுக்கவோ தண்டிக்கவோ இயலாது. அது பதிவு செய்த மீறல்களிற் பெரும்பாலானவை விடுதலைப் புலிகள் தரப்பினவாயிருந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. இரண்டாவது, படைகளின் தலைவராகிய ஜனாதிபதி சந்திரிகா அவ்வுடன்படிக்கையிற் பங்காளியல்லர். 2003 நவம்பரில் அவர் பாதுகாப்பு உட்பட மூன்று அமைச்சுக்களைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். 1957இன் பழைய நோய் மீண்டது. மூன்றாவது, முஸ்லிம் மக்களுக்குத் தனித் தரப்பாக இருக்கை வழங்கப்படவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களின் நிலையை எண்ணுகையில், எம்மைக் கேளாமல் எம்மைப் பங்கிடலாகாது என்று உலகுக்குச் சொல்லும் நாம், அதே நியாயத்தை அவர்களுக்கும் வழங்கக் கடமைப்பட்டவர்கள். நான்காவது, அனைத்துலக நாடுகள் ஒரு கையால் நடுவராகவும் மறு கையால் தடைவிதிப்போராகவும் செயற்பட்டன. 2003 ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த உதவி நாடுகளின் கூட்டத்துக்கு, தடை காரணமாக ஒரு தரப்பு செல்ல இயலவில்லை. அம்மாதமே புலிகள் பேச்சிலிருந்து விலகினர். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதிக்க, அதன் உறுப்பு நாட்டுக் கண்காணிப்பாளர் வெளியேறவேண்டுமெனப் புலிகள் வற்புறுத்தினர். நோர்வேயும் ஐஸ்லாந்துமே எஞ்சின.

2008 ஜனவரியில் இலங்கை அரசு உடன்படிக்கையிலிருந்து முறைப்படி விலகியது. அவ்வாண்டு செப்டெம்பரில் ஐ.நா.வின் வெளிநாட்டுப் பணியாளர் வன்னியை விட்டு வெளியேறினர். மக்கள் வழியில் நின்று தடுத்து, போகவேண்டாம் என்று மன்றாடினர். 2009 மே 18ஆம் நாள் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. இறுதி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கூறியது. மறு ஆண்டு வெளியான ஐ.நா.வின் உள்ளக ஆய்வு, தன் அமைப்பின் தோல்வியைத் தானே ஏற்றுக்கொண்டது. தன் சமாதான முயற்சியைப் பற்றி நோர்வே செய்வித்த மதிப்பீடு, 'சமாதானத்தின் பகடைக்காய்கள்' எனப் பொருள்படும் தலைப்போடு 2011இல் வெளிவந்தது.

ஆச்சே மக்கள் கண்ட வேறு வழி

இவ்விடத்தில், இந்து சமுத்திரத்தின் மறு கரையிலுள்ள ஆச்சேயை எண்ணிப் பார்த்தல் பயனுடைத்து. இந்தோனேசியாவின் அப்பகுதியில் 1976 முதல் விடுதலைப் போராட்டம் நடந்து வந்தது. எமது போர்நிறுத்தம் வந்த அதே 2002ஆம் ஆண்டில் அங்கும் ஒரு போர்நிறுத்தம் வந்தது. 2003 மே மாதத்தில் அது முறிந்து பெரும் படை நடவடிக்கை தொடங்கியது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இரு நிலங்களையும் ஒரே காலையில் தாக்கியது.

இலங்கையில், நிவாரணத்தைப் பகிர்ந்து செயற்படுத்த அரசும் புலிகளும் 2005 யூனிற் கண்ட பொதுக்கட்டமைப்பு உடன்பாட்டை, அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் இடைநிறுத்தியது. ஆச்சேயில், பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அதிசாரியின் நடுவண்மையில் ஹெல்சிங்கியில் ஐந்து சுற்றுப் பேச்சுக்கள் நடந்து, 2005 ஓகஸ்ட் 15ஆம் நாள் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆச்சே இயக்கத்தின் தலைவர்கள் சுவீடனிற் புலம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள் என்பதும் எம்மவர் கவனத்துக்குரியது.

அந்த உடன்படிக்கையின் கட்டமைப்பே வேறு. போரிட்ட இரு தரப்பும் நேரடியாகக் கைச்சாத்திட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தினதும் ஐந்து தென்கிழக்காசிய நாடுகளினதும் கண்காணிப்புக் குழு களமிறங்கியது. பிணக்கு எழுந்தால் அக்குழுத் தலைவரின் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என உடன்படிக்கையே கூறிற்று. இயக்கம் 840 ஆயுதங்களைக் கட்டங்கட்டமாகக் கையளிக்க, அதே கட்டங்களில் அரச படைகளும் விலகின. ஒருவர் முதலில் இறங்கி மற்றவர் பின்னர் பார்த்துக்கொள்வார் என்னும் ஏற்பாடு அங்கில்லை. 2006இல் நாடாளுமன்றம் ஆச்சே ஆட்சிச் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு டிசம்பர்த் தேர்தலில் இயக்கத்தின் முன்னாள் உறுப்பினர் ஒருவர் ஆளுநரானார். வாக்களித்தவை யாவும் அங்கு நிறைவேறிவிடவில்லை. கடந்தகாலக் கொடுமைகளுக்கு நீதி கேட்போர் நெடுங்காலம் காத்திருந்தனர். இயக்கமும் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட நேர்ந்தது. ஆயினும் போர் திரும்பவில்லை.

வட அயர்லாந்தும் இதற்கு ஒப்பானது. 1998 ஏப்ரல் 10ஆம் நாள் கண்ட உடன்படிக்கையை அதே ஆண்டு மே மாதத்தில் வடக்கிலும் தெற்கிலும் மக்களே வாக்களித்து ஏற்றனர். ஆதலால் அடுத்து வரும் ஆட்சி அதனை எளிதிற் கிழித்தெறிய இயலாதாயிற்று. ஆயுதக் களைவை மேற்பார்வையிட்ட ஆணைக்குழுவின் தலைவர் ஜோன் டி சாஸ்ரலேன் என்னும் கனேடியத் தளபதி. 1997இற் தொடங்கிய அவரது பணி 2011 வரை இழுபட்டும், அவர் அதைக் கைவிட்டுப் போகவில்லை.

எம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது

இவையனைத்தையும் ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. 1957இற் சரியான கைகள் ஒப்பமிட்டன, காவல் இல்லை. 1964இலும் 1987இலும் அரசுகள் ஒப்பமிட்டன. உரிய மக்கள் இல்லை. 1987இல் வலிமை மிக்க காவல் இருந்தது. அது தன் நலனையும் உடன்கொண்டு வந்தது. 2002இல் நலன் நாடாத நடுவர் கிடைத்தார். அவர் கையில் வலிமை இல்லை. தெற்கின் மறு பாதியும் முஸ்லிம் மக்களும் உடன்பாட்டுக்கு வெளியே நின்றனர். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குறைந்தது. எல்லாம் ஒருங்கே அமைந்த உடன்படிக்கை எமக்கு ஒருமுறையேனும் வாய்க்கவில்லை. எனவே, பேச்சுவார்த்தை என்பதே வீண் என்னும் முடிவுக்கு எமது வரலாறு சான்றாகாது.

13ஆவது திருத்தம் அரசியலமைப்பில் இருந்துவந்தபோதிலும், வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் அதற்குத் தேர்தல் நடத்தப்படவில்லை. ஜெனிவாவில் 2015இல் இலங்கை தானே இணைந்து முன்மொழிந்த தீர்மானத்திலிருந்து 2020இல் விலகிக்கொண்டது. ரொஸ்மீட் பிளேசில் தொடங்கிய வழக்கம் ஜெனிவா வரை தொடர்ந்திருக்கின்றது.

ஆதலால், இன்னொரு பேச்சுவார்த்தையைப் பற்றிய செய்தி எம் செவிகளில் விழும் நாளில், மகிழ்ச்சியோ ஐயமோ கொள்ளுமுன் சில வினாக்களை எழுப்பக் கற்றுக்கொள்வோமாக. மேசையில் அமர்ந்திருப்போர் யாவர், அமராதிருப்போர் யாவர்? மலையக மக்களும் முஸ்லிம் மக்களும் எங்கே? கொழும்பில் இன்றைய எதிர்க்கட்சி நாளை ஆட்சிக்கு வந்தால் இவ்வொப்பந்தம் அதனையும் கட்டுப்படுத்துமா? மீறல் நிகழ்ந்தால் தீர்ப்பளிப்பவர் யார். அத்தீர்ப்பை நிறைவேற்றுபவர் யார்? நடுவராக வரும் நாடு தனக்கென்று எதைக் கேட்கின்றது?

நாம் இன்று வாழ்வது, அமைதி காக்கும் படையை ஐ.நா.வில் முன்மொழிந்த நாட்டில். எம்மிற் பலர் இந்நாட்டின் குடிமக்கள், வாக்குரிமை உடையவர்கள். எம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு எம் வாசலுக்கு வருகையில், இலங்கை அரசைக் கண்டிக்கும் ஓர் அறிக்கையை வேண்டி நிற்பதோடு அமையாது, இவ்வினாக்களையும் அவர்முன் வைத்தல் வேண்டும். கண்டன அறிக்கைகள் பல நாம் கண்டுவிட்டோம். கனடா எதற்குக் காவல் நிற்கும், எத்தனை ஆண்டுகளுக்கு நிற்கும் என்பதை அவரிடமிருந்து கேட்டறிவது எம் உரிமை. அவ்வினாக்களைத் தெளிவான மொழியில் கேட்கும் ஆற்றல் எம் பிள்ளைகளுக்கு உண்டு. வரலாற்றை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் கடன் எம்முடையது.